ரோமானியக் காசை வைத்துக் காலம் குறிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அகழாய்வு நடத்தும் இயக்குநர்களுக்கும், குழிப் பொறுப்பாளர்களுக்கும், அறிக்கை எழுதுவோருக்கும் வணக்கம்.

அகழாய்வு அறிக்கைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. "இம்மண்ணடுக்கில் டைபீரியஸ் பேரரசரின் வெள்ளிக் காசு கிடைத்திருப்பதால் இதன் காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பாதி." காசு உண்மையானதாகவே இருக்கலாம். அதை டைபீரியஸ் காசு என்று இனங்கண்டதும் சரியாகவே இருக்கலாம். தவறு முழுவதும் 'கிடைத்திருப்பதால்' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. டைபீரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. காசு சாட்சி சொல்வது தான் எப்போது அச்சானது என்பதற்கு மட்டுமே. எந்தக் கப்பலில் எப்போது ஏறியது, யார் பெட்டியில் எத்தனை தலைமுறை கிடந்தது, எந்த ஆண்டில் மண்ணில் விழுந்தது என்பதெல்லாம் அதில் எழுதப்படவில்லை. ஆகவே அறிக்கையில் எழுதத்தக்கது இதுதான்: "இவ்வடுக்கு கி.பி. 14க்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது." எவ்வளவு பிந்தியதாக இருக்கலாம் என்ற மேல் எல்லையை வேறு சான்றுதான் தரவேண்டும்.

இது ஏட்டுப் படிப்பு நுணுக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பவுன் காசு நம் ஊர்களில் பல வீடுகளில் இன்றும் பீரோவில் இருக்கிறது. எட்டு கிராமைப் பவுன் என்று நாம் சொல்வதே அந்தக் காசின் எடையிலிருந்து வந்த வழக்கு. பாட்டி கழுத்தில் கிடந்து, அம்மாவிடம் வந்து, மகளுக்குப் போட்டுவிட்ட 1912ஆம் ஆண்டுக் காசு ஒன்று இன்றைய வீட்டுத் தரைக்கடியில் புதைந்துபோனால், அந்தத் தரையின் டைல்ஸுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் 1912 என்று காலம் எழுதுவோமா? ரோமானியத் தங்கக் காசுகளும் இங்கே அப்படித்தான் வாழ்ந்தன. இந்தியாவில் கிடைத்த தங்கக் காசுகள் பலவற்றில் மன்னரின் தலைக்கு நேர் மேலே இரண்டு துளைகள் இருக்கின்றன. நூலில் கோத்தால் முகம் நிமிர்ந்து தொங்கவேண்டும் என்று இடம் பார்த்துப் போட்ட துளைகள் அவை. துளை விழுந்த அன்றே அது நகையாகிவிட்டது. நகைக்கு ஆயுள் அதிகம். துளையுள்ள காசை வைத்து அடுக்குக்குக் காலம் குறிக்கும்போது, துளை இருந்ததை அறிக்கையில் எழுதாமல் விடுவது சான்றின் பாதியை மறைப்பதாகும்.

ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது இக்ஷ்வாகு அரசர்களின் நகரம். அதன் செழிப்பு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று. அங்கே கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் டைபீரியஸுடையதும் இருக்கிறது, 2ஆம் நூற்றாண்டு அரசி ஃபாஸ்டினாவுடையதும் இருக்கிறது. கல்வெட்டுகள் இல்லாமல், டைபீரியஸ் காசு மட்டும் நம் கையில் சிக்கியிருந்தால் அந்த நகரத்தை இருநூறு ஆண்டுகள் முன்னுக்குத் தள்ளியிருப்போம்.

தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் இரண்டு வெள்ளிக் காசுகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோவை வட்டாரத்துப் புதையல்களில் வருபவை பெரும்பாலும் இவைதாம். 1842இல் வெள்ளலூரில் கிடைத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட காசுகளும், 1946இல் பூதிநத்தத்தில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளும் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே.

முதலாவது, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்ட தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. முன்பக்கம் மன்னர் தலை. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். அவர்கள் அவருடைய பேரர்களான கயஸும் லூசியஸும். முன்பக்க எழுத்து வரிசையின் முடிவில் 'பாத்தெர் பாத்ரியே', அதாவது 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் வருகிறது. ரோம் அந்தப் பட்டத்தை அவருக்கு அளித்தது கி.மு. 2ஆம் ஆண்டில். எனவே காசு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் கி.பி. 4இலும் இறந்தார்கள். அதனால் அச்சடிப்பு கி.பி. 4 அளவில் நின்றது என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் தொடர்ந்தது என்பாரும் உண்டு. பட்டத்தின் இரண்டு சொற்களும் துருவில் மறைந்திருந்தால்கூடப் பின்பக்க உருவமே காலத்தைச் சொல்லிவிடும். அரைகுறையாகத் தெரியும் காசையும் படம் எடுத்து வெளியிடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

இரண்டாவது, டைபீரியஸின் தெனாரியஸ். பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையும் பிடித்திருப்பாள். சுற்றிலும் தலைமைப் பூசாரி என்ற பட்டம் சுருக்கமாக இருக்கும். இந்த வகையில் ஆண்டுக் கணக்கு கிடையாது. ஒரே உருவத்தை ஆட்சிக்காலம் முழுவதும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சடித்தார்கள். ஆனால் உற்று நோக்கினால் வேறுபாடுகள் தெரியும். நாற்காலிக் கால் சாதாரணமாக இருக்கிறதா, கடைந்த வேலைப்பாடு உண்டா? காலடியில் ஒரு கோடா, பல கோடுகளா, சிறு பீடமா? கையில் இருப்பது செங்கோலா, தலைகீழாகப் பிடித்த ஈட்டியா? இவற்றைக் கொண்டு ஆட்சியின் தொடக்கத் தொகுதி, பிந்தைய தொகுதி என்று பிரிக்க முடிகிறது. "டைபீரியஸ் வெள்ளிக் காசு, 1" என்று பட்டியலில் ஒரு வரி எழுதி, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவில் போட்டுவிட்டால் அந்த நாற்காலிக் கால் போய்விட்டது. பிறகு யாராலும் அதை மீட்க முடியாது.

இந்த இரண்டு வகை மட்டும் ஏன் இவ்வளவு? இதற்கு விடை தெரியாமல் காலம் எழுதக்கூடாது. கி.பி. 64 அளவில் பேரரசர் நீரோ தெனாரியஸின் எடையை ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு என்ற கணக்கிலிருந்து 96 காசு என்று குறைத்தார். வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். தங்கக் காசு ராத்தலுக்கு 45 ஆயிற்று. வெள்ளியை எடைபோட்டு வாங்கும் ஊருக்குப் போகும் வணிகர் எதை எடுத்துச் செல்வார்? பழைய, கனமான, ஏறக்குறையத் தூய வெள்ளிக் காசைத்தான். அதிலும் ஒரே உருவம் போட்டு லட்சக்கணக்கில் வெளிவந்த காசு என்றால் இங்கே வாங்குபவருக்கும் பார்த்தவுடன் நம்பிக்கை. ஆகவே டைபீரியஸ் காசுகளில் ஒரு பகுதி நீரோவுக்குப் பிறகு, வெஸ்பாசியனும் அவர் மக்களுமான ஃபிளேவிய மன்னர் காலத்தில்கூடப் பொறுக்கியெடுத்து இங்கே அனுப்பப்பட்டிருக்கலாம் என்று நாணயவியலாளர் பலர் கருதுகிறார்கள். பின்வந்த பேரரசர் டிராஜன் பழைய காசுகளைத் திரட்டி உருக்கிய செய்தியை வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதியிருக்கிறார். அது கி.பி. 107 அளவில் நடந்தது என்பர். பொறுக்கியெடுக்கும் வாய்ப்பு அந்நாள் வரை இருந்தது. புதையலில் கடைசிக் காசு டைபீரியஸுடையது என்பதால் புதையல் கி.பி. 37க்குள் புதைக்கப்பட்டது என்ற முடிவு அதனால் நிற்காது.

இங்கே ஜெர்மனியின் கால்கிரீஸே நினைவுக்கு வருகிறது. கி.பி. 9இல் வாருஸ் என்ற ரோமானியத் தளபதியின் படை அழிந்த போர்க்களம் அது என்று பெரும்பாலோர் ஏற்கும் இடம். அங்கேயும் இதே கயஸ், லூசியஸ் காசு கிடைக்கிறது. வெள்ளலூர்ப் பானைக்குள் இருந்த காசும் அந்தச் சதுப்பு ஓரத்தில் விழுந்த காசும் ஒரே அச்சுக்கூடத்தில், இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்தவை. ஒன்று பிறந்து சில ஆண்டுகளுக்குள் மண்ணுக்குள் போனது. மற்றது எத்தனை ஆண்டு கழித்துப் போனது என்று காசை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கால்கிரீஸேக்கு எப்படி கி.பி. 9 என்று அவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்தது? அங்கே நூற்றுக்கணக்கில் காசுகள் கிடைத்தன. செம்புக் காசுகளில் வாருஸின் பெயர்ச் சுருக்கம் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. அவர் அங்கே அதிகாரத்தில் இருந்தது கி.பி. 7 முதல் 9 வரை. கி.பி. 10இல் லியோனில் தொடங்கிய அடுத்த செம்புக் காசு வரிசை அங்கே காணப்படவில்லை. அப்படியும் விவாதம் முடிந்தபாடில்லை. அந்தக் களம் கி.பி. 15இல் அப்பக்கம் வந்த ஜெர்மானிகஸ் என்ற ரோமானியத் தளபதியின் படையுடையது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான காசுகளும் முத்திரைகளும் உள்ள இடத்திலேயே நிலைமை இது. நம் குழியில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ.

'கிடைக்கவில்லை' என்பதைச் சான்றாக்குவது எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். பத்துக்குப் பத்து மீட்டர்க் குழியில் 2ஆம் நூற்றாண்டுக் காசு இல்லாததைக் காட்டி "2ஆம் நூற்றாண்டில் ரோமானிய வணிகம் நின்றுவிட்டது" என்று எழுதுவது பொருந்தாது.

தேய்மானம் பற்றி ஒரு சொல். "காசு புதிதுபோல் இருக்கிறது, ஆகவே அச்சான சில ஆண்டுகளுக்குள் புதைந்தது" என்ற வாதம் ரோமானிய எல்லைக்குள் ஓரளவு செல்லும். அங்கே காசு அன்றாடம் கைமாறியது. இங்கே வெள்ளித் தெனாரியஸும் தங்கக் காசும் பெரும்பாலும் உலோகமாகவே மதிக்கப்பட்டன. பானைக்குள் கட்டிவைத்த காசு நூறு ஆண்டு ஆனாலும் தேயாது. தேயாத காசு இங்கே சேமிப்பைக் காட்டும், இளமையைக் காட்டாது. மறுபுறம், தேய்ந்த காசும் எந்தக் கடற்கரையில் தேய்ந்தது என்று சொல்லாது. மத்திய தரைக்கடலிலேயே தேய்ந்துவிட்டு வந்திருக்கலாம். ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி தன் படைகளுக்காக கி.மு. 32, 31இல் அடித்த தெனாரியஸ் தரம் குறைந்த வெள்ளி. யாரும் உருக்கவோ ஒளித்துவைக்கவோ விரும்பாததால் அது ரோமானிய நாட்டுக்குள்ளேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை மன்னர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டுப்பட்டவை. கடைசிக் காசு வெஸ்பாசியனுடையது. வெட்டு, துளை, சிறு முத்திரை, சோதனைக் கீறல் ஆகிய எல்லாமே காசு அச்சான பிறகு நடந்தவை. காசு எவ்வளவு நாள் வாழ்ந்தது என்பதற்கு நமக்கிருக்கும் தடயங்கள் இவைதாம். பட்டியலில் இவற்றுக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

இனி, குழிக்குள் என்ன செய்யவேண்டும் என்பது. இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது.

காசு தெரிந்தவுடன் கையால் எடுக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே அளவுகோல் வைத்து, குழி எண், அடுக்கு எண் தெரியப் படம் எடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் நிலையான மட்டப்புள்ளியிலிருந்து அளந்து எழுதுங்கள். "மேற்பரப்பிலிருந்து 140 செ.மீ." என்பது மட்டும் போதாது. மேற்பரப்பு சரிந்த நிலத்தில் அது எந்த அடுக்கு என்று பின்னால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து, காசைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். நிறம் மாறுகிறதா, மண் இளகலாக இருக்கிறதா, எலி வளை உண்டா, கறையான் புற்றின் வழியா, வேர் இறங்கிய தடமா, பிற்காலத்தில் செங்கல் எடுக்கத் தோண்டிய குழியா என்று தேடுங்கள். உறைகிணற்றுக்குள் கிடைத்த காசு கிணறு தூர்ந்த காலத்தைப் பற்றிப் பேசும், கிணறு வெட்டிய காலத்தைப் பற்றிப் பேசாது. தரைக்கு மேல் கிடந்த காசும் தரைக்கு அடியில் அடைபட்ட காசும் ஒன்றல்ல. திமிசு போட்டு இறுக்கிய தரை உடையாமல் இருந்து, அதன் கீழ் காசு இருந்தால் "இந்தத் தரை இந்த ஆண்டுக்குப் பிறகுதான் போடப்பட்டது" என்று தைரியமாக எழுதலாம். காசு தரும் மிக வலுவான சான்று அதுவே. தரை உடைந்திருந்தால் அந்தச் சான்று போயிற்று.

கரிசல் மண்ணில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கோடையில் அது வாய் பிளக்கும். வெடிப்பு அரை மீட்டருக்கும் கீழே போகும். 4, 5ஆம் நூற்றாண்டுச் செம்புக் காசுகள் 10 முதல் 14 மி.மீ. விட்டமும் ஒரு கிராம் அளவு எடையும் உள்ளவை. மிளகு விழும் இடுக்கில் அவையும் விழும். மழை வந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும், தடமே தெரியாது. கீழடுக்கில் தனியாக ஒரு சிறு செம்புக் காசு வந்து, அதே அடுக்கின் பானை ஓடுகள் எல்லாம் மிகப் பழையவையாக இருந்தால், ஓடுகளை நம்புங்கள். ஒரு காசுக்காக அடுக்கு முழுவதையும் இளமையாக்கிவிட வேண்டாம்.

எடுத்த மண்ணைச் சல்லடையில் போடாமல் கொட்டக்கூடாது. 3 அல்லது 4 மி.மீ. கண் உள்ள சல்லடை போதும். ஆனால் கட்டிகளை உடைக்கவேண்டும். பச்சை படிந்த சிறு காசு மண்கட்டிக்குள் கூழாங்கல் போலத்தான் இருக்கும். முடிந்தால் தண்ணீர் விட்டு அலசுங்கள். பல குழிகளில் வெள்ளிக் காசு கிடைத்துச் செம்புக் காசு கிடைக்காததற்குக் காரணம் சல்லடையாகவே இருக்கலாம்.

கழுவும் இடத்தில் நடக்கும் சேதம் தனிக் கதை. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், அமிலம் எதுவும் கூடாது. குத்துவிளக்குக்கு ஏற்ற வைத்தியம் காசுக்கு நஞ்சு. செம்புக் காசின் எழுத்து பல நேரம் உலோகத்தில் இருக்காது, மேலே படிந்த பச்சைப் படலத்தில்தான் இருக்கும். படலத்தைக் கரைத்தால் பளபளவென்று ஒரு மொட்டை வட்டுதான் மிஞ்சும். முதலில் மண்ணோடு எடைபோட்டு, எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வசதி இருந்தால் எடுத்து, பிறகு உருப்பெருக்கியின் கீழ் முள்ளாலோ மூங்கில் குச்சியாலோ மெல்ல எடுக்கட்டும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் குளோரைடு தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் வையுங்கள். எடை எழுதும்போது சுத்தம் செய்வதற்கு முன்னா பின்னா என்று குறிக்காவிட்டால் அந்த எடை எதற்கும் உதவாது.

கருவி ஆய்விலும் ஒரு கண்ணி இருக்கிறது. கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைக் காசின் மேல் வைத்துப் பார்ப்பது எளிது, காசும் சேதமாகாது. ஆனால் அது மேல்தோலை மட்டும் அளக்கும். மண்ணில் கிடந்த கலப்பு வெள்ளியின் தோலிலிருந்து செம்பு வெளியேறிவிடுவதால் வெள்ளி கூடுதலாகக் காட்டும். நீரோவின் குறைக்கப்பட்ட தெனாரியஸில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளி என்று முன்பு நம்பினார்கள். துளையிட்டு உள்ளிருந்து எடுத்து அளந்த பிறகுதான் 80 விழுக்காடு அளவே என்று தெரிந்தது. மேல்தோல் அளவை வைத்து "இது சீர்திருத்தத்துக்கு முந்தியது" என்று எழுதிவிடாதீர்கள். எடையும் உருவமும் எழுத்தும் ஒன்றையொன்று ஆதரிக்கவேண்டும்.

எழுத்தைப் படிப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதற்கு, எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பாம்பேய் நகரத்துக் காசு ஒன்றே போதும். வெசுவியஸ் எரிமலை வெடித்தது கி.பி. 79 ஆகஸ்டு 24 என்பது மரபான நாள். அங்கே தங்கக் கைவளை வீடு எனப்படும் வீட்டில் இருந்த காசுக் குவியலில் அப்போதைய பேரரசர் டைட்டஸின் வெள்ளிக் காசு ஒன்று. படைவீரர் மன்னரை வாழ்த்திய முறைகளின் எண்ணிக்கை அதில் 15 என்று முதலில் படிக்கப்பட்டது. டைட்டஸுக்கு 15ஆவது வாழ்த்து கிடைத்தது செப்டம்பர் தொடக்கத்துக்குப் பிறகுதான். ஆகவே வெடிப்பே இலையுதிர் காலத்தில் என்பதற்கு அந்தக் காசு முதன்மைச் சான்றானது. பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக நாணயவியலாளர் ஒருவர் அதை நேரில் வைத்து ஆராய்ந்தார். பத்தைக் குறிக்கும் எழுத்துக்குப் பின்னால் ஐந்தைக் குறிக்கும் எழுத்து இல்லை, நான்கு நேர்கோடுகள் நிற்கின்றன என்று 2013இல் எழுதினார். எண் 14. ஆகஸ்டு நாளோடு அதற்கு எந்த முரணும் இல்லை. வெடிப்பு அக்டோபரில் நடந்தது என்பதற்கு 2018இல் சுவரில் கண்ட கரிக்கோட்டு எழுத்து முதலிய வேறு சான்றுகள் பேசப்படுகின்றன. ஆனால் காசு அந்த வழக்கிலிருந்து விலகிவிட்டது. துருவுக்கடியில் மறைந்த சில கோடுகளுக்காக ஒரு பேரழிவின் மாதமே மாறி எழுதப்பட்டது.

ஆகவே அறிக்கையில் எழுத்தை உள்ளபடி தாருங்கள். தெளிவாகத் தெரியும் எழுத்து, பாதி தெரியும் எழுத்து, நீங்கள் ஊகித்து நிரப்பிய எழுத்து ஆகிய மூன்றையும் மூன்று குறியால் பிரித்துக் காட்டுங்கள். நீரோ கி.பி. 64க்கு முன் வெளியிட்ட தங்க, வெள்ளிக் காசுகளில் மக்கள் பிரதிநிதி அதிகாரத்தின் ஆண்டு எண் உண்டு, ஓராண்டுத் துல்லியத்தில் காலம் சொல்லும். அதில் ஒரு கோடு தவறினால் ஓராண்டு தவறும். பிற்காலச் சிறு செம்புக் காசில் அச்சு பெரிது, வட்டு சிறிது. பெயரில் பாதி வெளியே போயிருக்கும். "ஆர்க்கேடியஸ் அல்லது ஹொனோரியஸ்" என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஊகித்து ஒரு பெயரை எழுதினால் அடுத்த நூலில் அது உறுதியான செய்தியாகிவிடும். பின்பக்கத்தில் கோட்டுக்குக் கீழே அச்சுக்கூடத்தின் சுருக்கெழுத்து இருக்கும். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டாண்டிநோபிள் என்று பிரிக்க அது உதவும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

போலிகளையும் உள்ளூர்ப் பார்த்தடிப்புகளையும் தனியாகப் பிரியுங்கள். எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் சிதைந்திருந்தால் அது இந்தியாவில் அடித்த காசாக இருக்க வாய்ப்பு மிகுதி. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சிறு செம்புக் காசுகளில் பெரும் பங்கு அங்கேயே செய்த பார்த்தடிப்புகள். மூலக் காசின் ஆண்டு பார்த்தடிப்பின் தொடக்க எல்லை மட்டுமே. எவ்வளவு பிந்தியது என்பதை அடுக்குதான் சொல்லவேண்டும், காசு அடுக்குக்குச் சொல்லமுடியாது. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகளுக்கும் இதே விதி. தலை உருவம் ரோமானியக் காசைப் பார்த்து அமைந்தது என்று ஏற்றாலும், அது எந்த மன்னர் காசின் சாயல் என்பதை வைத்துச் சேர மன்னரின் ஆட்சி ஆண்டைக் குறிக்க முடியாது. இதில் சங்கப் பாடல்களும் சிக்கிக்கொள்கின்றன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்லும் அகநானூறு 149ஆம் பாடலுக்குக் காசை வைத்துக் காலம் சொல்கிறோம். பிறகு காசுகள் வந்த காலத்துக்கு அதே பாடலைச் சாட்சி அழைக்கிறோம். வட்டத்துக்குள் சுற்றுகிறோம், வெளியே ஒரு பிடிமானமும் இல்லை.

இப்படிப்பட்ட சங்கிலி என்ன செய்யும் என்பதை அரிக்கமேடு காட்டியது. 1945இல் அகழாய்வாளர் வீலர் அங்கே அரெட்டைன் எனப்படும் இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களின் காலத்தை வைத்து, கூடவே கிடைத்த ரௌலட்டட் (உட்புறத்தில் வரிவரியாகச் சிறு குறிகள் பதித்த) பாண்டத்துக்கு கி.பி. முதல் நூற்றாண்டு என்று காலம் குறித்தார். 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் சந்திரவள்ளியிலும் அதே பாண்டமும், சந்திரவள்ளியில் டைபீரியஸ் காசும் அந்தக் காலத்துக்குத் துணை நின்றன. தென்னிந்தியாவின் பல ஊர்களுக்கு ரௌலட்டட் ஓடு கிடைத்தாலே கி.பி. முதல் நூற்றாண்டு என்று எழுதும் வழக்கம் அப்படித்தான் வந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தார்கள். அதன் பிறகு அந்தப் பாண்டம் கி.மு. காலத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது என்பது தெளிவாயிற்று. வீலர் அன்று செய்தது பெரிய பணி. அடுக்கை அடுக்காகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் ஒரு வெளிநாட்டுப் பொருளில் மாட்டித் தொங்கவிட்ட சங்கிலியில் எத்தனை ஊர்கள் தொங்கின என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆற்று மணலில் கிடைத்தவற்றை எந்த அடுக்குக்கும் கட்டாதீர்கள். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து ரோமானிய, சேரர் காசுகள் ஏராளமாக வந்திருக்கின்றன. எழுத்தும் எடையும் உருவமும் ஆராய அவை அருமையான செல்வம். ஆனால் வெள்ளம் ஒன்றாகச் சேர்த்த காசுகள் ஒரே காலத்தில் புழங்கின என்று எழுத முடியாது. விற்பனைக்கு வந்த காசு என்றால் வார்ப்புப் போலியா என்றும் பாருங்கள். விளிம்பில் ஓடும் வார்ப்புக் கோடு, இரண்டு காசுகளில் அச்சு அசலாக ஒரே இடத்தில் ஒரே பள்ளம் ஆகியவை தெளிவான அறிகுறிகள்.

புதையல் வந்தால் பானையைக் காப்பாற்றுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்படவேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் வரை காசு வந்துசேரும், பானை உடைந்து வயலிலேயே கிடக்கும். ஆனால் புதைத்த காலத்துக்குப் பானைதான் சாட்சி. அது காசைவிட இளமையானது என்றால் காசுகள் சேமிப்பில் எவ்வளவு காலம் இருந்தன என்பதே வெளிப்பட்டுவிடும். பானையின் உள்ளே ஒட்டிய மண்ணை வழிக்காதீர்கள். காசில் ஒட்டிய துணி இழையின் தடம் இருந்தால் படம் எடுங்கள். நெல் உமியோ விதையோ இருந்தால் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்புங்கள். ஓராண்டுப் பயிரின் விதைதான் நல்லது. உத்திரக் கட்டையின் கரி மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லி ஏமாற்றும். விதையின் காலவீச்சு காசைவிட அகலமாகத்தான் இருக்கும். ஆனால் காசால் தரமுடியாத மேல் எல்லையை அது தரும். காசு கீழ் எல்லையைக் கட்டும், விதை மேல் எல்லையைக் கட்டும். இரண்டும் ஒரே அடைபட்ட அடுக்கிலிருந்து வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. அடுத்து வெளியிடும் அறிக்கையில் ஒவ்வொரு ரோமானியக் காசுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முன், பின், விளிம்பு மூன்றையும் உண்மை அளவைப்போல் இருமடங்கில் அச்சிடுங்கள். எடையை நூறில் ஒரு கிராம் வரை, விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். முன்பக்கத் தலை நிமிர்ந்திருக்கும்போது பின்பக்க உருவத்தின் தலை கடிகார முள்ளின் எந்த எண்ணை நோக்குகிறது என்று குறியுங்கள். அடுக்கு எண்ணோடு, அந்த அடுக்கு மேலே அடைபட்டிருந்ததா, வெட்டுப்பட்டிருந்ததா என்று ஒரு வரி சேருங்கள். காலப் பத்தியில் 'அச்சான காலம்' என்றும் 'அடுக்கின் காலம்' என்றும் இரண்டு தனிக் கட்டங்கள் போடுங்கள். இரண்டாவது கட்டத்தை நிரப்ப வேறு சான்று கிடைக்கும்வரை, டைபீரியஸ் காசென்றால் அதில் "கி.பி. 14க்குப் பின்" என்று மட்டும் இருக்கட்டும். செய்தியாளர் கேட்கும்போதும் அதே 'பின்' என்ற சொல்லைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காசும் மண்ணடுக்கும் படிக்கும் சிலர்